ஆர்.சி. விமான கிளப்புக்கு இன்ஷூரன்ஸ்: கொங்கு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

மேல்காற்று அடங்கினால் ஞாயிறு காலைகளில் ரிமோட்டில் இயங்கும் (ஆர்.சி.) பால்சா மர, தெர்மாகோல் விமானங்கள் கிளம்பிவிடும். கூடவே இன்ஷூரன்ஸ் பற்றிய கேள்விகளும் வந்துவிடும். பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

பல்லடம் வாசகர்: நாங்கள் நண்பர்கள் சேர்ந்து ரிமோட் விமானம் விடுகிறோம். இது ட்ரோன் இல்லை, பொழுதுபோக்குதான். இன்ஷூரன்ஸ் கட்டாயமா?

கட்டாயம்தான். 2021 ட்ரோன் விதிகள் விசிறி எத்தனை என்று பார்ப்பதில்லை. ஆள் ஏறாமல் தொலைவிலிருந்து இயக்கும் விமானமும் அதில் அடக்கம். 25 கிலோ வரை எடையுள்ள, கண்ணுக்கு எட்டும் தூரத்தில் பொழுதுபோக்குக்கோ படிப்புக்கோ பறக்கும் விமானத்துக்கு ‘மாடல்’ என்று தனிப் பிரிவே உண்டு. அதற்கு வகைச் சான்றிதழ் (அந்த ரக விமானத்துக்கே தரும் தகுதிச் சான்று) வேண்டாம். 2 கிலோ வரை, வணிக நோக்கம் இல்லாவிட்டால், பைலட் சான்றிதழும் வேண்டாம். இந்த இரண்டு சலுகையையும் கேள்விப்பட்டவர்கள் எல்லாவற்றுக்குமே விலக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸுக்கு விலக்கு 250 கிராம் வரைதான். அதற்கு மேல் போனால், உங்கள் பைக்குக்குப் பொருந்துகிற அதே 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் ஏற்பாடுகள் தக்க மாற்றங்களோடு பொருந்தும் என்று விதி சொல்கிறது. எடை என்பது பேட்டரி உட்பட, பறக்கும் நிலையில் உள்ள எடை. 3 செல் 2200 லைப்போ பேட்டரி ஒன்றே 200 கிராமை நெருங்கிவிடும். அதனால் கிளப்பில் பறக்கும் விமானங்களில் விலக்குக்குள் வருபவை மிகக் குறைவு.

விமானத்துக்குப் பதிவு எண் வாங்கிவிட்டு அப்புறம் பாலிசிக்குப் போங்கள். எண் இல்லாத விமானத்துக்கு எடுத்த பாலிசி, க்ளெய்ம் நேரத்தில் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்ளும்.

கோவை, கல்லூரி ஆசிரியர்: கல்லூரியின் பேரில் பப்ளிக் லயபிலிட்டி (வெளியாருக்கு நேரும் இழப்புக்கான பொறுப்பை ஏற்கும்) பாலிசி இருக்கிறது. மாணவர்களின் ஏரோமாடலிங் கிளப்புக்கு அது போதாதா?

போதாது என்றே வைத்துக்கொண்டு பாலிசியைப் படியுங்கள். விலக்குகள் பக்கத்தில் வாகனம், படகு, விமானம் ஆகியவற்றால் வரும் பொறுப்பு சேராது என்ற வரி பெரும்பாலும் இருக்கும். வீட்டு பாலிசியோடு வரும் பொறுப்புக் காப்பிலும் இதே வரி இருக்கும். மாடல் விமானத்தைச் சேர்த்துக்கொள்கிறோம் என்று எண்டார்ஸ்மென்ட் (பாலிசியோடு இணைக்கும் கூடுதல் குறிப்பு) எழுதி வாங்காதவரை அந்தப் பாலிசியை நம்பாதீர்கள்.

இன்னொன்றும் சரிபாருங்கள். 1991 பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி எடுக்கும் பாலிசி அபாயகரமான பொருள்களைக் கையாள்வோருக்கானது. பெயர் ஒரேமாதிரி இருப்பதால் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு.

அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனம் ஆராய்ச்சிக்காகப் பச்சை மண்டலத்தில் (முன் அனுமதி இல்லாமல் பறக்கக்கூடிய வான்பகுதி), தன் வளாகத்துக்குள் பறக்கவிட்டால் பதிவு எண் தேவையில்லை. அந்தச் சலுகை ஆராய்ச்சிக்குத்தான். கிளப்பின் ஞாயிற்றுக்கிழமைப் பறத்தல் அதில் வராது.

ஈரோடு, கிளப் செயலாளர்: கிளப் பேரில் ஒரே பாலிசி எடுத்தால் எல்லோருக்கும் ஆகுமா?

ஆகும்படி எழுதி வாங்கினால் ஆகும். அமெரிக்காவில் அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸ் என்ற சங்கத்தில் சேர்ந்தாலே உறுப்பினருக்கு 25 லட்சம் டாலர் வரை பொறுப்புக் காப்பு வந்துவிடுகிறது. நம் பக்கத்துக் கிளப்பில் சந்தா கட்டினால் அப்படி எதுவும் தானாக வராது. நீங்களேதான் அமைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் கிளப்பை 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்யுங்கள். வாட்ஸ்அப் குரூப்பின் பெயரில் யாரும் பாலிசி தர மாட்டார்கள். பாலிசியில் கிளப்போடு உறுப்பினர் பட்டியலும் விமானங்களின் பதிவு எண்களும் இருக்கட்டும். புதிதாக ஒருவர் சேர்ந்தால் அந்த வாரமே எழுதிக் கொடுங்கள்.

கிராஸ் லயபிலிட்டி வாசகத்தையும், அதாவது பாலிசியில் உள்ள ஒருவரால் இன்னொருவருக்கு அடிபட்டாலும் அவரை மூன்றாம் நபராகவே எடுத்துக்கொள்ளும் வாசகத்தையும், கேட்டு வாங்குங்கள். களத்தில் அடிபட அதிக வாய்ப்புள்ளவர் பக்கத்தில் ட்ரான்ஸ்மிட்டரோடு நிற்கும் இன்னொரு உறுப்பினர்தான். அந்த வாசகம் இல்லாவிட்டால், அவரும் காப்பீடு பெற்றவர்தானே, எப்படி மூன்றாம் நபர் ஆவார் என்று கேட்பார்கள்.

காங்கேயம் வாசகர்: ஏனுங்க, எங்க கொறங்காட்டுல ரெண்டு ஏக்கரை ஞாயித்துக்கிழமை விமானம் விடற பசங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கறனுங்க. பக்கத்துலயே மாடு மேயுது. ஏதாச்சும் ஆச்சுன்னா என் தலைலதான் விழுமுங்களா?

விழ வாய்ப்பு இருக்குதுங்க. அடிபட்டவர் விமானம் விட்டவரோடு, இடம் கொடுத்து வாடகை வாங்கிய உங்களையும் சேர்த்தே வழக்குப் போடலாம். அதனால் கிளப் பாலிசியில் உங்கள் பெயரைக் கூடுதலாகக் காப்பீடு பெற்றவராகச் சேர்க்கச் சொல்லுங்கள். ‘சேர்த்தாச்சுங்க’ என்ற வாய்ப்பேச்சு போதாது, எண்டார்ஸ்மென்ட் நகலை வாங்கி வையுங்கள்.

இதில் ஒரு சிக்கல். உங்கள் பெயர் பாலிசிக்குள் வந்துவிட்டால், உங்கள் மாட்டுக்கு அடிபடும்போது நீங்கள் மூன்றாம் நபர் இல்லை என்று நிறுவனம் சொல்லக்கூடும். மேலே சொன்ன கிராஸ் லயபிலிட்டி வாசகம் உங்களுக்கும் பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டு இன்ஷூரன்ஸ் இருந்தாலும் அது அடிப்படையில் சாவுக்குத்தான். மிரண்டு ஓடிக் கிளுவை வேலியில் கால் கிழித்துக்கொண்ட மாட்டுக்கு அதிலிருந்து பணம் எதிர்பார்க்காதீர்கள்.

கொறங்காட்டைத் துண்டு துண்டாக வேலி போட்டு மாற்றி மாற்றித்தானே மேய்க்கிறீர்கள்? ஞாயிறு காலை மட்டும் மாடுகளைக் கடைசித் துண்டுக்கு ஓட்டிவிடுங்கள். பறக்கும் நேரம், எந்தத் திசையில் பறக்கலாம், படலை யார் சாத்துவது என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

உடுமலை வாசகர்: பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் விமானம் போனது போனதுதான், கிடைக்கவில்லை. பணம் வருமா?

தேர்டு பார்ட்டி பாலிசியில் வராது. விமானத்துக்கே தனியாகக் காப்பு எடுத்திருந்தாலும், சிக்னல் அறுந்து காணாமல் போவதைச் சேர்க்காத பாலிசிகள் உண்டு. கையில் இருக்கும் பணத்தை மற்றவர்களுக்கான காப்புக்குச் செலவிடுங்கள் என்பதே என் கருத்து. வீட்டு முற்றத்தில் நிற்கும் குழந்தை உங்கள் பொழுதுபோக்கில் சேரச் சம்மதித்தவள் அல்ல.

திருப்பூர் வாசகர்: விசிறியில் விரல் வெட்டுப்பட்டு நான்கு தையல் போட்டார்கள். தனிநபர் விபத்து பாலிசியில் கிடைக்குமா?

காயம் ஆறிவிட்டால் பெரும்பாலும் இல்லை. அது மரணத்துக்கும் விரல், கை, கண் இழப்புக்கும் அட்டவணைப்படி தருவது. மருத்துவமனையில் சேர்ந்திருந்தால் ஹெல்த் பாலிசியைப் பாருங்கள்.

சோமனூர் வாசகர்: எங்கள் ஊர்க் காட்டில் பறக்கவிடலாமா?

டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வான்பகுதி வரைபடத்தைப் பார்க்காமல் வேண்டாம். உங்களுக்கு ஒரு பக்கம் சூலூர் விமானப்படைத் தளம், இன்னொரு பக்கம் கோவை விமான நிலையம். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்கலாம், விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடிதான். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறந்து விபத்தானால், விதிமீறல் என்ற ஒரே காரணம் போதும், க்ளெய்மைத் தள்ளிவிடுவார்கள்.

கோபி வாசகர்: விமானம் விழுந்து ஒருவரின் கார் கண்ணாடி உடைந்தது. ஊர்ப் பெரியவர்கள் பேசி, அங்கேயே பணம் கொடுத்து முடித்துவிட்டோம். திரும்பப் பெறலாமா?

கஷ்டம். நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்ளவோ இழப்பீடு பேசவோ கூடாது என்பது பொறுப்புக் காப்பீட்டின் வழக்கமான நிபந்தனை. நம் ஊரில் பேசி முடிப்பதுதான் மரியாதை. எனக்கும் அது புரிகிறது. சின்னத் தொகையென்றால் கிளப் பணத்திலிருந்தே கொடுத்துவிட்டுப் போவதில் தப்பில்லை.

ஆள் அடிபட்டிருந்தால் மட்டும் அப்படிச் செய்யாதீர்கள். முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், செலவு பார்த்துக்கொள்ளலாம். விமானத்தை விழுந்த இடத்திலேயே வைத்து, பதிவு எண் தெரியும்படி போட்டோ எடுங்கள். பார்த்தவர்கள் பெயரைக் குறித்துக்கொண்டு அன்றைக்கே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ‘இன்ஷூரன்ஸ் இருக்குதுங்க, முறைப்படி வாங்கித் தர்றோம்’ என்று அவர் வீட்டாரிடம் சொல்லலாம். தொகை மட்டும் பேசாதீர்கள். நிறுவனம் மறுத்தால், அங்கே எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாதம் பார்த்துவிட்டு, சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.