மதகும் மடையும்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

சிவகங்கை மாவட்டத்தில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். ஒவ்வொரு பாடத்திற்கும் ‘சொல்லும் பொருளும்’ பகுதியை ஏட்டில் எழுதச் செய்து, மறுநாள் ஒப்புவிக்கவும் வைக்கிறேன். தேர்வில் சரியாக எழுதிவிடுகிறார்கள்; ஆனால் அதே சொல் ஒரு கதைப்புத்தகத்தில் வந்தால் முன்பின் பார்த்திராததைப் போலத் திகைக்கிறார்கள். சென்ற வாரம் நூலகப் பாடவேளையில் ஒரு மாணவன் ‘மதகு’ என்ற சொல்லில் நின்றுவிட்டான். நீரை வெளியேற்றும் அமைப்பு என்று பொருள் சொன்னேன்; இரண்டு நாள் கழித்துக் கேட்டபோது அவனுக்கு நினைவில்லை. பொருளைச் சொன்னால் மறக்கிறார்கள், சொல்லாவிட்டால் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். வாசிப்பின் வழியாகச் சொற்களைக் கற்பிக்க வேறு வழி உண்டா? ஏட்டில் எழுதும் பயிற்சியை நிறுத்திவிடலாமா?

ஒரு தமிழாசிரியை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் மாணவன் பாசன ஏரிகளான கண்மாய்கள் நிறைந்த நாட்டில் வளர்கிறவன். மடை, கலுங்கு, மறுகால் ஆகிய சொற்களை அவன் வீட்டிலும் வயலிலும் கேட்டிருப்பான். மதகு என்னும் பொருளை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். அந்தப் பெயர்தான் அவனுக்குப் புதிது. ‘நீரை வெளியேற்றும் அமைப்பு’ என்ற விளக்கத்தில் அவன் பிடித்துக்கொள்ள ஏதும் இல்லை. ‘உங்கள் ஊர்க் கண்மாயில் மடை திறப்பார்கள் அல்லவா, அதைத்தான் இந்தக் கதையில் மதகு என்கிறார்கள்’ என்று சொல்லியிருந்தால், புதிய சொல் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றின் அருகில் போய் அமர்ந்திருக்கும்.

இந்த வழியைத் தொல்காப்பியத்தில் அருஞ்சொற்களுக்குப் பொருள் கூறும் இயலான உரியியல் தன் முதல் நூற்பாவிலேயே சொல்லிவிடுகிறது: ‘பயிலாதவற்றைப் பயின்றவை சார்த்தி’. பழகாத சொல்லைப் பழகிய சொல்லோடு சேர்த்து விளக்குவது என்பது அதன் கருத்து. அதே இயலில் ‘முன்னும் பின்னும் வருபவை நாடி’ என்ற தொடரும் உண்டு. ஒரு சொல்லின் பொருளை அதற்கு முன்னும் பின்னும் வரும் சொற்களிலிருந்து தேர்ந்து உணர வேண்டும் என்று இலக்கணமே சொல்லியிருக்க, நாம் வகுப்பறையில் சொல்லை வாக்கியத்திலிருந்து பிடுங்கி எடுத்து, எதிரே ஒரு பொருளை எழுதி, இரண்டையும் ஒப்புவிக்கச் சொல்கிறோம்.

திண்ணைப் பள்ளிகளில் பழைய சொற்பொருள் நூலான நிகண்டை மனப்பாடம் செய்தார்களே என்று நீங்கள் கேட்கலாம். அந்த மரபை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நிகண்டு செய்யுளாக இருந்தது. சொற்கள் இனம் இனமாகத் தொகுக்கப்பட்டிருந்தன. சூடாமணி நிகண்டில் விலங்கின் பெயர்களுக்கு ஒரு தொகுதி, மரப் பெயர்களுக்கு ஒரு தொகுதி, இடப் பெயர்களுக்கு ஒரு தொகுதி என்று பன்னிரண்டு தொகுதிகள் உண்டு. ஓசையும் இனமும் சேர்ந்து சொல்லை மனத்தில் நிறுத்தின. இன்றைய ஏட்டுப் பட்டியலுக்கு அந்த இரண்டு துணைகளும் இல்லை.

ஆகவே மாணவன் ஒரு சொல்லில் நிற்கும்போது உடனே பொருளைச் சொல்லாமல், அந்தப் பத்தியை இறுதிவரை படிக்கச் செய்து, பிறகு அவனையே ஊகிக்கச் சொல்லுங்கள். ‘மூன்று நாள் அடைமழையில் கண்மாய் நிரம்பி, மறுகால் பாயத் தொடங்கியதும் கரை தப்பியது என்று ஊர் மூச்சுவிட்டது’ என்ற வாக்கியத்தைக் கண்மாயையே பார்த்திராத ஒரு நகரத்துப் பிள்ளை படித்தாலும், மழை, நிரம்புதல், கரை தப்புதல் ஆகிய மூன்றையும் கொண்டு, மறுகால் என்பது மிகுந்த நீர் வெளியேறுவது என்று கிட்டத்தட்ட வந்துவிடும். தானே தேடிக் கண்டது தங்கும் என்பதை என் பிள்ளைகளோடு சேர்ந்து வாசித்த ஆண்டுகளில் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஆனால் ஊகிக்க இடம் தரும் புத்தகமாக அது இருக்க வேண்டும். நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன், ஹூ என்ற ஆய்வாளருடன் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலக் கதையொன்றைப் பிறர் உதவியின்றிப் போதிய அளவு புரிந்துகொள்ள நூற்றுக்கு ஏறத்தாழ 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். வேற்றுமை உருபும் விகுதியும் ஒட்டி வளரும் தமிழுக்கு இந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது என்றாலும், வரிக்கு ஒரு புதிய சொல் வரும் புத்தகத்தை ஒரு பிள்ளை மூடி வைத்தால் அது பிள்ளையின் குற்றம் ஆகாது என்பதை ஏற்கலாம். அவனுக்கு அப்போது வேறு புத்தகம் கொடுங்கள்.

தெரியாத சொல்லைவிட, தெரிந்ததாகத் தோன்றும் சொல்லே என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. ‘செல்லான் கிழவன் இருப்பின்’ என்ற குறளைப் படிக்கும் மாணவன் எங்கும் நிற்க மாட்டான். ஒரு முதியவர் வயலுக்குப் போகவில்லை என்று எண்ணிக்கொண்டு கடந்துவிடுவான். அங்கே கிழவன் என்பது நிலத்துக்கு உரியவன். கிழமை என்றால் உரிமை. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கு உரிய நாள். இப்படி ஒரு வேரைக் காட்டினால் மூன்று நான்கு சொற்கள் ஒன்றாக எழுந்து வரும். கொள் என்ற வினையைக் காட்டிவிட்டால் கொள்கலன், கொள்ளளவு, கொள்முதல் ஆகியவை அறிவியல் பாடத்திலும் கணக்கிலும் வரும்போது பிள்ளைகள் அவற்றின் முகத்தை அறிந்துகொள்வார்கள்.

எல்லாச் சொற்களையும் விளக்க முயல வேண்டாம். ‘வெளிப்படு சொல்லே கிளத்தல் வேண்டா’ என்றும் உரியியல் சொல்கிறது. ஒரு பாடத்துக்கு ஐந்து சொற்கள் போதும் என்பது என் எண்ணம். அவற்றில் குறைந்தது மூன்று சொற்கள், ‘விளைவு’, ‘காரணி’, ‘முரண்’, ‘வரம்பு’ போல எல்லாப் பாடங்களிலும் திரும்பத் திரும்ப வருபவையாக இருக்கட்டும்.

அகராதியை ஊகத்துக்குப் பிறகு எடுக்கச் செய்யுங்கள். 1992-இல் முதலில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி சொல்லைப் பயன்படுத்திக் காட்டும் எடுத்துக்காட்டுத் தொடர்களையும் தருவதால், இன்றைய உரைநடை படிக்கும் பிள்ளைகளுக்கு ஏற்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி பழம்பாடலுக்கு வேண்டும்; ஆனால் ‘கடி’ போன்ற சொல்லுக்கு அது தரும் நீண்ட பொருள் வரிசையில் பிள்ளை முதலில் இருப்பதையே எழுதிவிடும். அப்போது நீங்கள் அருகில் இருக்க வேண்டும்.

ஏட்டை நிறுத்த வேண்டாம், மாற்றுங்கள். சொல்லைக் கண்ட வாக்கியத்தை முதலில் எழுதி, அதன் கீழே தன் ஊகத்தையும், பின்னர் அகராதிப் பொருளையும் மாணவன் எழுதட்டும். அடியில் இடம் விட்டு, ஒரு வாரம் கழித்துத் தன் சொந்த வாக்கியத்தை அங்கே எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வார இடைவெளி அவசியம். மறக்கத் தொடங்கும் நேரத்தில் மீண்டும் தேடி எடுக்கும் சொல்தான் நிலைக்கிறது. மதகு என்ற சொல்லில் நின்ற மாணவனிடமிருந்தே இதைத் தொடங்கலாம். அவன் ஊர்க் கண்மாய்க்கு எத்தனை மடைகள், எந்த மடையின் நீர் எந்த வயல்களுக்குப் போகிறது, யார் அதைத் திறக்கிறார்கள் என்று அவன் எழுதட்டும். எழுதி முடித்தபின், மடை என்று வரும் இடங்களில் ஒன்றிரண்டில் மதகு என்று மாற்றி, வகுப்பின்முன் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.