மாம்பழத்துக்கு எண்ணெய் ஸ்ப்ரே வாங்கலாமா?

கேள்வி: சீசனுக்கு ஒரு பெட்டி பங்கனபள்ளியைக் காயாக வாங்கி வீட்டிலேயே பழுக்க வைக்கிறோம். பழுக்கும்போது தோலில் கரும்புள்ளி விழுந்து பரவுகிறது, பாதிக்கு மேல் வீணாகிறது. கிராம்பு எண்ணெயும் லெமன்கிராஸ் எண்ணெயும் கலந்த 'பழம் அழுகாத ஸ்ப்ரே' ஒன்று ஆன்லைனில் 450 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். எண்ணெயில் சரக்கு இல்லை என்று சொல்லவில்லை. கிராம்பின் யூஜினால், லெமன்கிராஸின் சிட்ரால், நம் ஓமத்தில் இருக்கும் தைமால் எல்லாமே பழத்தை அழுக வைக்கும் பூஞ்சையின் செல் சவ்வைச் சிதைக்கும் வேதிப்பொருட்கள். இலங்கையில் எம்புல் வாழையின் சீப்பு அழுகலுக்குப் பட்டை எண்ணெயை வைத்து ஆய்வே நடந்திருக்கிறது.

சிக்கல் வேறு இடத்தில். உங்கள் கரும்புள்ளி பெரும்பாலும் ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய். அந்தப் பூஞ்சை உங்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டதல்ல. தோப்பில் பூவும் பிஞ்சுமாக இருக்கும்போதே, மழை ஈரத்தில் தோலுக்குள் புகுந்து அடங்கிக் கிடக்கும். காயின் தோலில் அதைத் தடுக்கும் இயற்கைப் பொருட்கள் உண்டு. பழுக்கப் பழுக்க அவை குறையும், பூஞ்சை கிளம்பும். மேலே தெளிக்கும் எண்ணெய் அவ்வளவு உள்ளே போவது கஷ்டம். போகட்டும் என்று அளவைக் கூட்டினால் தோல் வெந்ததுபோல் பழுப்பாகும், மாம்பழத்தில் கிராம்பு வாசனை வேறு அடிக்கும். இமாம்பசந்த் வாங்கி அப்படிச் செய்தால் எனக்கு அழுகையே வந்துவிடும்.

இன்னொன்று, எண்ணெய் தண்ணீரில் கரையாது. இரண்டையும் கலந்து நிறுத்தும் பொருள் பாட்டிலில் இருக்க வேண்டும். அது என்ன, எண்ணெய் எத்தனை சதவீதம் என்று லேபிளில் இல்லையா, விட்டுவிடுங்கள். வாசனை விளக்குக்கு விற்கும் எண்ணெயைச் சாப்பிடும் பொருளில் அடிக்கவே கூடாது.

காசில்லாத வழி வெந்நீர். முற்றிய, இன்னும் பழுக்காத காய்களை 52 டிகிரி செல்சியஸ் நீரில் 5 முதல் 10 நிமிடம் முக்கி எடுத்து, ஆறவிட்டு, ஈரம் போகத் துடைத்து, ஒன்றோடொன்று படாமல் அடுக்குங்கள். சூடு தோலுக்குள் இறங்கும் என்பதுதான் எண்ணெயைவிட இதற்கு இருக்கும் லாபம். கைச்சூடு பார்த்துச் செய்யாதீர்கள், தெர்மாமீட்டர் வேண்டும்; சில டிகிரி கூடினாலும் தோல் வெந்துவிடும். புள்ளி முழுக்கப் போகாது, குறையும்.

அப்புறம், பெட்டியை வாங்கும்போதே அடியில் இருக்கும் காயையும் எடுத்துப் பாருங்கள். காம்பு ஒடிந்து, அந்த இடம் கறுத்திருந்தால் காம்பழுகல் தொடங்கியிருக்கலாம். அதற்கு வெந்நீரை நம்பி எடுக்காதீர்கள், வேறு பெட்டி கேளுங்கள்.