கலைகளுக்கு முதலிடம் தரும், குழந்தையை மையமாகக் கொண்ட பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாமா? படிக்கவைத்த பெற்றோரின் அனுபவம் என்ன?

உங்கள் ஐந்து வயது மகனுக்காக இத்தகைய பள்ளி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்ததாகவும், முதல் வகுப்பில் பாடப்புத்தகம் ஒன்றுகூடக் கண்ணில் படாததால், பாட்டும் ஓவியமுமாகவே வளரும் பிள்ளை பத்தாம் வகுப்பில் திணறிப்போகுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். என் மகள் அப்படிப்பட்ட ஒரு பள்ளியில்தான் முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படித்தாள். சேலத்திலிருந்து கோரிமேடு வழியாக ஏற்காட்டுக்குச் செல்லும் சாலையில், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்குச் சற்று முன்னால், சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது அந்தச் சிறிய பள்ளி. எங்கள் வீடு சிவதாபுரத்தில். என் கணவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். கல்வித் தத்துவம் எதையும் படித்துவிட்டு நாங்கள் அங்கே போகவில்லை. அதற்கு முன் சேர்த்திருந்த ஒரு மழலையர் பள்ளியில், நான்கு வயதில் தினமும் மூன்று பக்கம் எழுதிவரச் சொன்னதால் மகள் இரவில் அழுதுகொண்டே தூங்கினாள், காலையில் பேருந்தைக் கண்டால் வாந்தி எடுத்தாள் என்பதுதான் காரணம்.

நேரடியான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர்க்கலாம். ஆனால் அந்தப் பள்ளி உங்கள் மகனுக்கு ஒத்துவருமா என்று பார்ப்பதற்கு முன்னால், உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒத்துவருமா என்று பாருங்கள். குழந்தையை மையமாகக் கொண்ட பள்ளி என்றதும், பிள்ளைகள் தம் விருப்பப்படி நடப்பார்கள், பெரியவர்கள் ஒதுங்கி நிற்பார்கள் என்றே நானும் நினைத்தேன். எட்டு ஆண்டுகளில் நான் கண்டதோ, ஆசிரியர்களும் பெற்றோர்களும் தங்கள் வேலையையும் ஓய்வையும் பிள்ளைகளின் நாளுக்கேற்ப மாற்றியமைத்துக்கொண்ட ஓர் ஏற்பாட்டை. அதற்கு நிறைய உழைப்பு வேண்டியிருந்தது.

அந்தப் பள்ளி ஆஸ்திரியத் தத்துவ அறிஞர் ருடால்ஃப் ஸ்டைனரின் கல்விமுறையைப் பெருமளவு பின்பற்றியது. 1919ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், வால்டோர்ஃப் அஸ்டோரியா என்ற சிகரெட் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்காக, அந்த ஆலையை நடத்திய எமில் மோல்ட் கேட்டுக்கொண்டதன்பேரில் ஸ்டைனர் தொடங்கிய பள்ளியில் பிறந்தது இம்முறை. வசதியானவர்களின் பள்ளி என்று இன்று பெயரெடுத்துவிட்ட ஒன்று, ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது என்று அறிந்தபோது, பட்டறைக் குடும்பத்துப் பெண்ணான எனக்கு அதன்மேல் ஒரு பிடிப்பு உண்டாயிற்று.

நீங்கள் புத்தகங்களைக் காணாததற்குக் காரணம் உண்டு. காலையின் முதல் இரண்டு மணி நேரம் ஒரே பாடத்துக்கு உரியது. அதே பாடம் மூன்று நான்கு வாரங்கள் தொடரும். அந்த வாரங்களில் ஆசிரியர் சொன்ன கதையையும், தான் கண்டதையும், போட்ட கணக்கையும் பிள்ளையே எழுதி, வரைந்து, வண்ணமிட்டு உருவாக்கும் குறிப்பேடுதான் அதற்குப் பாடநூல். எழுத்துகளும் அப்படித்தான் வந்தன. மலையேறும் கதை ஒன்றைச் சொல்லி, கரும்பலகையில் படிக்கட்டு ஒன்றை வரைந்து, அதில் ஒரு படியை மட்டும் நிறுத்தி அதிலிருந்து ‘ட’ பிறந்தது. ஆடு இறங்கிய பள்ளத்திலிருந்து ‘ப’ பிறந்தது. என் மாமியார் தினமும் வாசலில் இடும் சிக்குக் கோலத்தை வகுப்பில் ஒரு பாடமாகவே வைத்திருந்தார்கள். புள்ளிகளைச் சுற்றி, கையை எடுக்காமல், புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவரும் அந்தக் கோட்டைப் போடப் பழகிய விரல்கள் பிறகு எழுத்துக்கு வந்தபோது தடுமாறவில்லை.

கணக்கைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்; எங்கள் வீட்டையே மாற்றியது அதுதான். மூன்றாம் வகுப்பில் ஒரு வட்டப் பலகை கொடுத்தார்கள். அதன் விளிம்பில் 0 முதல் 9 வரை பத்து ஆணிகள். நான்காம் வாய்பாட்டைச் சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு விடையின் கடைசி இலக்கம் எதுவோ அந்த ஆணிக்கு நூலை இழுத்துச் செல்ல வேண்டும். 4, 8, பன்னிரண்டின் 2, பதினாறின் 6, இருபதின் 0 என்று ஐந்து ஆணிகளைத் தொட்டுவிட்டு நூல் மறுபடி நாலுக்கே வரும்போது பலகையில் ஓர் ஐந்துமுனை நட்சத்திரம் நிற்கும். மகள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்த இரவில், கணக்கு வரவில்லை என்பதற்காகவே ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்ட என் கணவர், சாப்பிட்ட கையோடு அந்தப் பலகையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். பதினொரு மணிக்கு என்னை எழுப்பி, “மூணும் ஏழும் ஒரே டிசைன்தான் வருது, நாலும் ஆறும் ஒரே டிசைன்தான் வருது, ரெண்டையும் கூட்டினா பத்து, அதனாலதான்” என்றார். கொலுசில் ஒரு கண்ணியைத் திருப்பி வைத்தால் என்ன உருவம் வரும் என்று முப்பது ஆண்டுகளாகக் கைகளால் கணக்குப் போட்டுவந்தவர் அவர். அது கணக்குதான் என்று அதுவரை அவரிடம் யாரும் சொன்னதில்லை.

மறுநாள் மகள் இதை வகுப்பில் சொல்லியிருக்கிறாள். அந்த வாரமே வகுப்பாசிரியர் (பிள்ளைகள் அவரை அக்கா என்றே அழைப்பார்கள்) பட்டறைக்கு வந்து, சனிக்கிழமை பள்ளிக்கு வர முடியுமா என்று கேட்டார். என் கணவர் தயங்கித் தயங்கித்தான் போனார். துளைத் தகட்டின் வழியே கம்பியை இழுத்து மெல்லியதாக்கும் வேலையை, வெள்ளிக்குப் பதிலாகச் செம்புக் கம்பியில் செய்து காட்டினார். இழுப்பதற்கு முன்னும் பின்னும் பிள்ளைகள் எடை போட்டுப் பார்த்தார்கள். எடை மாறவில்லை, நீளம் ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது. தடிமன் குறைந்த அளவும் நீளம் கூடிய அளவும் எப்படித் தொடர்புடையவை என்ற கேள்வியில் அந்த வகுப்பு இரண்டு நாள் கழித்தது. 1937இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியின் உயிர்க்கருத்தும் இதுவே: கைத்தொழில் பாடங்களோடு சேர்த்து வைக்கும் இன்னொரு பாடமாக இருக்கக் கூடாது, மற்ற பாடங்களைக் கற்கும் வழியாகவே இருக்க வேண்டும் என்றார் அவர். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகுதான் அது எனக்கு விளங்கியது.

சனிக்கிழமைகள் இப்படித்தான் எங்களுடையவை ஆயின. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தாய், வங்கி அலுவலர் ஒருவர், ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளிக்கிழங்கு ஏற்றும் லாரி ஓட்டுநர், தச்சர் என்று வெவ்வேறு வீட்டுப் பெரியவர்கள் சேர்ந்து வேலியைச் சரிசெய்வோம், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போம், எல்லோருக்கும் ஒரே அடுப்பில் சமைப்போம். கட்டணத்தை அவரவர் வருவாய்க்கேற்ப நிர்ணயித்திருந்தார்கள்; வெள்ளி விலை ஏறிப் பட்டறைக்கு வேலை குறைந்த ஓர் ஆண்டில் எங்கள் பங்கின் பெரும்பகுதியை உழைப்பாகவே கொடுத்தோம். யார் எவ்வளவு கட்டுகிறார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

நான்காம் வகுப்பில் சொந்த ஊரைப் படித்தார்கள். வகுப்பறையின் வரைபடத்தில் தொடங்கி, தெரு, ஊர், மலை என்று விரிந்து, திருமணிமுத்தாற்றில் வந்து நின்றது பாடம். சேர்வராயன் மலையில் ஊற்றெடுக்கும் அந்த ஆறு சேலம் நகரத்துக்குள் வரும்போது எப்படிச் சாக்கடையாகிறது என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலைப்பக்கம் ஓரிடத்திலும் நகருக்குள் ஓரிடத்திலும் பாட்டிலில் நீர் பிடித்துவந்து ஜன்னலோரம் வைத்திருந்தார்கள். மகள் தன் குறிப்பேட்டில் ஆற்றை நீலத்தில் தொடங்கி, பாதியில் பென்சிலை மாற்றியிருந்தாள். ஆசிரியர் அந்தப் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை.

ஏழாம் வகுப்பில் கூத்து. ஆண்டுவிழா என்றால் வாடகை உடையும் திரைப்பாட்டும் என்று பழகிய எங்களுக்கு, பாரதக் கதையில் ஒரு பகுதியை நம் பக்கத்துத் தெருக்கூத்து வகையான மேற்கத்திக் கூத்தாக இரண்டு மாதம் பயின்று ஆடப்போகிறார்கள் என்றபோது வியப்பாக இருந்தது. கிராமத்துக் கூத்து வாத்தியார் ஒருவர் வந்து அடவு சொல்லிக்கொடுத்தார். புஜக்கட்டையும் கிரீடமும் செய்யக் கல்யாண முருங்கை மரத்தைத் தச்சர் வீட்டுத் தந்தை கொண்டுவந்தார். என் மகள் வேடம் கட்ட மறுத்துவிட்டாள். வற்புறுத்தாமல், கட்டைகளுக்குக் கண்ணாடிச் சில்லு ஒட்டும் வேலையைக் கொடுத்தார்கள். மூன்றாம் வாரத்தில் எல்லோருடைய வசனமும் அவளுக்கு மனப்பாடம். கடைசி நேரத்தில் மேடையேறுவாள் என்று நம்பி உறவினர்களையெல்லாம் அழைத்திருந்தேன். அவள் ஏறவில்லை, ஆர்மோனியக்காரர் பக்கத்தில் அமர்ந்து இரவு முழுவதும் தாளம் போட்டாள். எனக்குக் கோபம். அவளை ஏன் தள்ளிவிடவில்லை என்று ஆசிரியரிடம் கேட்டேன். “அம்மா, அவள் கூத்துக்குள்ளேதான் இருக்கிறாள், பாருங்கள்” என்றார். பார்த்தேன். ஆடுகிற பிள்ளை அடி தவறியபோதெல்லாம் அவள் தாளத்தைச் சற்று இழுத்து, அந்தப் பிள்ளை வந்து சேரும்வரை காத்திருந்தாள்.

குறைகளையும் சொல்லாவிட்டால் இந்தப் பதில் நேர்மையாக இருக்காது. இம்முறையில் ஒரே வகுப்பாசிரியர் பல ஆண்டுகள், கொள்கையளவில் எட்டு ஆண்டுகள் வரை, பிள்ளைகளோடு தொடர்வார். அதன் நன்மை மேலே சொன்ன நிகழ்ச்சிகளிலேயே தெரிந்திருக்கும். ஆனால் என் மகளின் முதல் வகுப்பாசிரியர் குடும்பக் காரணத்தால் இரண்டாம் வகுப்பின் நடுவில் விலகியபோது, பிள்ளைகள் வீட்டில் ஒரு சாவு விழுந்ததுபோல் இருந்தார்கள். புதியவரை ஏற்க ஆறு மாதம் ஆயிற்று. வாழ்க்கையை ஏழேழு ஆண்டுகளாகப் பிரிக்கும் ஸ்டைனரின் கருத்தை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. ஏழு வயதுக்கு முன் வாசிப்பை அவசரப்படுத்தக் கூடாது என்பது என் மகளுக்குப் பொருந்தியது. ஐந்து வயதிலேயே பேருந்துப் பலகைகளைப் படித்துவிட்ட இன்னொரு பிள்ளையையும் அதே வேகத்தில் காக்கவைத்தது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. குழந்தையை மையமாகக் கொண்டோர் தத்துவத்துக்காகக் குழந்தையைக் காக்கவைக்கலாகாது.

இப்போது உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். ஒன்பதாம் வகுப்பில் மகளை அரசு மேல்நிலைப் பள்ளியில் சேர்த்தோம். காலாண்டுத் தேர்வில் கணக்கில் நூற்றுக்கு 41. விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். எழுதிய கணக்குகள் எல்லாம் சரி, ஆனால் பாதி வினாக்களைத் தொடவே இல்லை. ஒரு கணக்கை இரண்டு வழிகளில் போட்டுச் சரிபார்த்திருந்தாள். கடிகாரத்தைப் பார்த்து எழுதும் பழக்கம் அவளுக்கு இல்லை, ஆங்கிலத்திலும் பின்தங்கியிருந்தாள். கடிகாரத்தை முன்னால் வைத்துப் பழைய வினாத்தாள்களை எழுதிப் பழகியதில் அரையாண்டுக்குள் கணக்கு தேறியது. ஆங்கிலத்துக்கு ஓர் ஆண்டு பிடித்தது. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்களே பெற்றாள். இந்த மாற்றத்துக்கு ஓராண்டு சிரமம் உண்டு என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால் நான் அன்று அவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

அருகில் இத்தகைய பள்ளி இல்லாதவர்களும் கட்டணம் கட்ட இயலாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்கள் இதைப் பணக்காரர்களின் ஆசை என்று ஒதுக்க வேண்டியதில்லை. செயல்பாடு, கண்டறிதல், தேடல் ஆகியவற்றின் வழியாக, குழந்தையை மையமாகக் கொண்டு, அச்சமின்றிக் கற்பிக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 29ஆம் பிரிவிலேயே சொல்கிறது. உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில், பாயில் அமர்ந்து, அட்டைகளை எடுத்து, கைக்கெட்டும் உயரக் கரும்பலகையில் பிள்ளைகளே எழுதியதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அண்மை ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழாவும் நடக்கிறது. உங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில் ஆர்வமுள்ள ஓர் ஆசிரியரும் சனிக்கிழமை வரத் தயாராக இருக்கும் பத்துப் பெற்றோரும் இருந்தால், நான் மேலே எழுதியவற்றில் பலவற்றை அங்கேயே செய்யலாம்.

நீங்கள் பார்த்துவந்த பள்ளிக்கு இன்னொரு முறை போங்கள். சுவரில் ஒட்டியுள்ள ஓவியங்களைப் பார்க்க வேண்டாம். நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பாருங்கள். எல்லாப் பிள்ளைகளின் குறிப்பேடும் ஒரே மாதிரி இருந்தால் கரும்பலகையிலிருந்து படியெடுக்கிறார்கள் என்று பொருள். பிறகு ஆசிரியரிடம், போன மாதம் எந்தப் பிள்ளையின் வீட்டிலிருந்து யார் வந்தார்கள், வந்து என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்.