மாநிலங்களவைத் தலைவர் வாக்களிக்க முடியுமா?

"துணைக் குடியரசுத் தலைவர்தானே மாநிலங்களவையை நடத்துகிறார், அவர் ஓட்டுப் போடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சாதாரணமாகப் போட முடியாது. அவர் அந்த அவையின் உறுப்பினரே இல்லை. பதவி வழியாகத் தலைவர் ஆகிறவர். இரு பக்கமும் சமமாக வாக்கு விழுந்தால் மட்டும், அரசியலமைப்பின் 100ஆவது பிரிவுப்படி, அவர் வாக்களித்து முடிவு செய்வார்.

சரி, வேறு என்ன அதிகாரம்? நிறைய. யார் எப்போது பேசுவது, எந்தத் தீர்மானத்தை ஏற்பது, அவை விதி மீறப்படுவதாக ஓர் உறுப்பினர் எழுப்பும் ஒழுங்குப் பிரச்சினைக்கு என்ன தீர்ப்பு, எல்லாம் அவர் கையில். கட்சி தாவிய உறுப்பினரின் பதவி பறிபோகுமா என்பதையும் அரசியலமைப்பின் 10ஆவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடை விதிகள்) அவரே முடிவு செய்கிறார். என்னைக் கேட்டால், நடுநிலை மிக மிகத் தேவைப்படும் இடம் இதுதான்.

அவரையே நீக்கும் தீர்மானம் விவாதத்துக்கு வந்தால் அவர் தலைமை தாங்கக் கூடாது. பேசலாம், வாக்கு மட்டும் கிடையாது.