சாட்சி சொன்ன தோழி

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு பிரார்த்தனைக் குழுவில் இருக்கிறேன். எந்த மதம் என்று சொல்லவில்லை, சொன்னால் பேச்சு அங்கே போய்விடும். என்னோடு சேர்ந்த தோழி ஒருத்தி இருமுனைக் கோளாறு என்ற மனநோய்க்கு நெடுநாளாக மாத்திரை எடுத்துவந்தாள். சென்ற ஆண்டு குழுவின் பெரியவர் ஒருவர், “நம்பிக்கை இருப்பவளுக்கு மாத்திரை எதற்கு?” என்று கேட்டார். நிறுத்திவிட்டாள். ஒரு மாதம் கழித்து எல்லார் முன்னிலையிலும் எழுந்து, தான் குணமாகிவிட்டதாகச் சாட்சி சொன்னாள். நாங்கள் அழுதோம். அப்புறம் இரண்டே மாதத்தில் தூக்கம் போனது, குரல்கள் கேட்டன. இரவெல்லாம் சுற்றி நின்று பிரார்த்தனை செய்தோம். ஒருநாள் உயிரை விட முயன்றாள். மருத்துவமனையிலிருந்து திரும்பியவளிடம் இனி கூட்டத்துக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மற்றவர்களின் மனம் கலங்குமாம்.

மதம் என்றாலே இப்படித்தானா? நான் குழுவை விட்டு வெளியேற வேண்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்ட இடம் அந்தச் சாட்சிதான். இருமுனைக் கோளாறில் மாத்திரையை நிறுத்திய மறுநாளே நோய் திரும்பிவிடுவதில்லை. பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட, ஒன்றும் ஆகாது. கைநடுக்கம், மந்தம் போன்ற பக்கவிளைவுகள் குறைவதால் முன்பைவிடத் தெம்பாகவும் இருக்கலாம். சாட்சிகள் பிறப்பது இந்த இடைவெளியில். சொல்பவர் பொய் சொல்லவில்லை, கேட்டு அழுதவர்களும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. ஆனால் லித்தியம் போன்ற மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும். திரும்பும்போது அந்தப் பெண் கூட்டத்தின் நடுவில் இல்லை, மூடிய அறைக்குள் இருக்கிறாள். நல்ல வாரங்களைக் குழு தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டது, கெட்ட மாதங்கள் அவள் கணக்கில் பற்று. “நம்பிக்கை போதவில்லை” என்று யாராவது சொல்லியிருப்பார்களே?

இரவெல்லாம் நின்று பிரார்த்தனை செய்தோம் என்கிறீர்கள். தூக்கம் கெடுவது, இந்த நோயில் மனம் கட்டுமீறிக் கொந்தளிக்கும் பித்துநிலையை இன்னும் தூண்டிவிடும். அவ்வளவு அன்போடு சுற்றி நின்றவர்கள் அன்று செய்திருக்க வேண்டியது விளக்கை அணைப்பதும் மருத்துவரைக் கூப்பிடுவதும்தான்.

உங்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இளம் வயதில் நானும் ஒரு தியானக் குழுவில் இருந்தேன். நண்பன் ஒருவன் ஐந்தாறு நாள் தூங்காமல், கண்கள் ஜொலிக்க, நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தான். “அருள் இறங்கியிருக்கிறது, தொந்தரவு செய்யாதீர்கள்” என்றார் குரு. தலையாட்டியவர்களில் நானும் ஒருவன். கொஞ்சம் பொறாமையும் பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் கழித்து அதே குரு, “அவன் என்றைக்குமே நம் ஆளாக இருந்ததில்லை” என்றார். அதற்கும் தலையாட்டினோம்.

சரி, மதம் என்றாலே இப்படித்தானா? 1976இல் ஜெர்மனியில் அன்னெலீஸ் மிஷெல் என்ற 23 வயதுப் பெண் ஊட்டச்சத்தும் நீரும் இன்றி இறந்தார். வலிப்பு நோய் என்று மருத்துவர்கள் முன்பே கண்டறிந்திருந்தார்கள். கடைசிப் பத்து மாதங்களில் அவருக்கு நடந்தவை 67 பேயோட்டும் சடங்குகள். சாகும்போது எடை ஏறத்தாழ 30 கிலோ. பெற்றோரும் இரண்டு பாதிரியார்களும் 1978இல் தண்டிக்கப்பட்டார்கள். அவர்கள் பின்பற்றியது கத்தோலிக்கத் திருச்சபையின் 1614ஆம் ஆண்டுச் சடங்கு நூல். அந்த நூல் பேயோட்டுபவருக்குச் சொல்லும் முதல் விதி என்ன தெரியுமா? ஒருவருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று எளிதில் நம்பிவிடாதே. முதல் விதியைத் தாண்டிப்போய்த்தான் மற்றதையெல்லாம் செய்தார்கள்.

இதே மதத்தின் இன்னொரு பக்கம் பெல்ஜியத்தின் கீல் நகரம். மனநோயாளிகளின் புனிதராகக் கருதப்படும் டிம்ஃப்னாவின் கோயிலுக்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே நோயாளிகள் வந்து குவிந்தார்கள். இடம் போதாமல் ஊரார் அவர்களைத் தங்கள் வீடுகளில் தங்கவைத்தார்கள், பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. 1930களின் இறுதியில் 3,500க்கும் மேற்பட்டவர்கள் அப்படிக் குடும்பங்களோடு வாழ்ந்தார்கள். அங்கே அவர்களுக்குப் பெயர் நோயாளி இல்லை, வீட்டில் தங்குபவர். அவர்களுக்கு வேலை உண்டு, சாப்பாட்டு மேசையில் இடம் உண்டு. குணமாகியே தீரவேண்டும் என்ற நெருக்கடி மட்டும் கிடையாது.

இங்கிலாந்தின் யார்க் நகரில் 1790இல் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த பெண் ஒருவர் மனநோய்க் காப்பகத்தில் இறந்துபோனார். பார்க்கப் போன சக குவேக்கர்களை உள்ளே விடவில்லை. அந்தக் கோபத்தில்தான் வில்லியம் ட்யூக் தன் சக குவேக்கர்களிடம் பணம் திரட்டி, 1796இல் ‘ரிட்ரீட்’ என்ற இல்லத்தைத் திறந்தார். அங்கே சங்கிலி இல்லை. தோட்டமும் வேலையும் மரியாதையான பேச்சும் இருந்தன. மனநல மருத்துவம் கற்றுக்கொண்டது அங்கிருந்தும்தான். உங்கள் குழு வாசலைச் சாத்தியது. அவர்களோ, சாத்தியிருந்த வாசலைப் பார்த்துவிட்டு ஒரு வீட்டையே கட்டினார்கள்.

பிசாசா, மூளையா என்ற வாதத்தில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. ஒருவரின் நோய் நம் கொள்கைக்கு ஆதாரமாக வேண்டும் என்று எப்போது எதிர்பார்க்கிறோமோ, அப்போதே அவர் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார். மருத்துவர்களும் இதைச் செய்வதுண்டு. கடவுள் என்று சொன்னதும் உதட்டோரம் சிரிக்கும் மருத்துவரிடம் உங்கள் தோழி இரண்டாம் முறை போகமாட்டார். நேராக அந்தப் பெரியவரிடம்தான் போவார். அவருடைய நம்பிக்கையைக் கேலி செய்யாத மருத்துவராகத் தேடிக்கொடுங்கள். மாத்திரைக்குப் பிறகும் அவர் பிரார்த்தனை செய்யட்டும், யாருக்கு என்ன நஷ்டம்?

வெளியேற வேண்டுமா என்று கேட்டீர்கள். அதை அடுத்த மாதம் யோசிக்கலாம். இந்த வாரம் அவர் வீட்டுக்குப் போங்கள். தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் இன்னும் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, பலருக்கு அதைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்ததே ஆறுதலாக இருக்கும். ஆமாம் என்றால் தனியே விடாமல், வீட்டாரிடம் சொல்லி, அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். குழுவைப் பற்றி அவர் பேசினால் கேளுங்கள், நீங்களாக எடுக்காதீர்கள்.

அவர் சாட்சி சொன்ன அன்று நீங்களும் அழுதீர்கள் என்பது அவருக்கு நினைவிருக்கும். அதைப் பற்றி அவர் கேட்டால் மழுப்பாதீர்கள். நான் என் நண்பனைப் பார்க்கப் போக மூன்று ஆண்டுகள் ஆயின. கதவைத் திறந்ததும் அவன் கேட்டது அதைத்தான்.

அன்புடன்