அப்பாவுக்குத் தெரியாத 12,400 ரூபாய்

கேள்வி: கோவையில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் எம்.இ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எம்.இ. சேர எழுதும் தேசிய அளவிலான கேட் தேர்வில் தகுதி பெற்றதால், தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அரசு அமைப்பான ஏஐசிடிஇயின் உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய் உண்டு. பத்து மாதம் ஒழுங்காக வந்தது. கடந்த நான்கு மாதமாக வரவில்லை. கல்லூரியில் கேட்டால் "மேலேயிருந்து வரணும்" என்கிறார்கள். அப்பா அனுப்பும் 7,000 ரூபாயில்தான் ஓட்டுகிறேன். அவர் பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறார். நான் எம்.இ. சேரும்போது தறி ஓனரிடம் 60,000 அட்வான்ஸ் வாங்கினார். ஆறு மாதமாக இரவில் குடோன் வாட்ச்மேன் வேலைக்கும் போகிறார். தெரிந்தால் பணம் அனுப்புவதை நிறுத்திவிடுவார் என்று உதவித்தொகை பற்றி வீட்டில் சொல்லவில்லை. தங்கச்சி பதினொன்றாம் வகுப்பு. படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடலாமா?

பதில்: தம்பி, உதவித்தொகை தாமதம் என்று எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்திருக்கின்றன. உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படிக்க வைத்தது அந்தத் தாமதம் இல்லை. போகிற போக்கில் எழுதிய இரண்டு கணக்குகள். பணம் நின்று நான்கு மாதம். அப்பா இரவு வேலைக்குப் போக ஆரம்பித்து ஆறு மாதம். அப்படியென்றால் முதல் இரண்டு மாதம் உங்கள் கணக்கில் 12,400 வந்துகொண்டுதான் இருந்தது. அவர் பகலெல்லாம் தறியில் நின்றுவிட்டு ராத்திரி குடோன் வாசலில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் வாயைத் திறக்கவில்லை.

தெரிந்தால் அனுப்புவதை நிறுத்திவிடுவார் என்கிறீர்கள். நிறுத்தட்டுமே! அவர் நிறுத்துவதற்காகத்தானே அந்தப் பணமே வருகிறது? மேல்படிப்பு படிக்கிற பிள்ளை சாப்பாட்டுக்கும் விடுதிக்கும் வீட்டை எதிர்பார்க்கக் கூடாது என்றுதான் அரசு கேட் தேர்வில் தகுதி பெற்றவருக்கு மாதாமாதம் கொடுக்கிறது. அதற்கு ஈடாக வாரத்துக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் இளநிலை மாணவர்களுக்கு லேப், டுட்டோரியல் என்று வேலையும் வாங்குகிறது. அது உங்கள் உழைப்பில் வந்த காசு. அதை ஒளித்துவைத்துவிட்டு அப்பாவின் கூலியிலும் கை நீட்டியிருக்கிறீர்கள்.

கூட்டிப் பாருங்கள். பத்து மாதத்தில் அரசு கொடுத்தது 1,24,000. அப்பா கொடுத்தது 70,000. விடுதி, மெஸ், கட்டணம் எல்லாம் போகட்டும், செலவு இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்பா அனுப்பியதை மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அந்த 60,000 அட்வான்ஸ் என்றோ அடைந்திருக்கும். தறிப் பட்டறையில் அட்வான்ஸ் என்றால் என்னவென்று தறிக்காரர் மகனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதை அடைக்கிறவரை அந்த ஓனரை விட்டு வேறு பட்டறைக்குப் போக முடியாது. வாரக் கூலியில் பிடித்தம் போக மிச்சம்தான் கைக்கு வரும். பஞ்சுத் தூசிக்கும் பக்கத்து ஆள் பேசுவது கேட்காத சத்தத்துக்கும் நடுவே, அறுந்த பாவு நூலுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே ஷிப்ட் முழுக்க நிற்கிற மனிதர் அவர். அவருக்குத் தூக்கத்தையும் இல்லாமல் செய்திருக்கிறீர்கள். பிள்ளையைப் படிக்கவைப்பது தகப்பன் கடமை, சரி. வளர்ந்த பிள்ளை, தன் கைக்கு என்ன வருகிறது என்று அவரிடம் சொல்வதும் கடமைதான். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

படிப்பை விடும் பேச்சே வேண்டாம். மிச்சம் இருப்பது பத்து மாதம். இப்போது விட்டால் அந்த அட்வான்ஸுக்கு அப்பா உழைத்ததெல்லாம் வீண். இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று சம்பளத்துக்கு ஒரு வேலையில் ஒட்டிக்கொள்ளவும் கூடாது. உதவித்தொகை வாங்குகிறவர் வேறு சம்பளமோ உதவித்தொகையோ வாங்கக் கூடாது என்பது விதி.

பணம் ஏன் நின்றது என்பதற்கு வருகிறேன். உங்களுக்கு மட்டுமா, வகுப்பில் கேட் மாணவர்கள் எல்லோருக்குமா? இதை நீங்கள் எழுதவே இல்லை. எல்லோருக்கும் என்றால், கல்லூரி மாதாமாதம் இணையத்தில் உங்கள் வருகையை உறுதி செய்ததா என்று அதற்குப் பொறுப்பான பேராசிரியரிடம் எல்லோருமாகச் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். அது போகாமல் மேலேயிருந்து எதுவும் வராது. உங்களுக்கு மட்டும் என்றால் வங்கிக் கணக்கைப் பாருங்கள். இடையில் வேறு வங்கியில் கணக்குத் தொடங்கி ஆதாரைக் கொடுத்தீர்களா? ஆதார் வழியாக வரும் அரசுப் பணம் கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும். எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று ஆதார் இணையதளத்திலேயே தெரியும். ஜன்தன் கணக்கும் கூட்டுக் கணக்கும் இந்த உதவித்தொகைக்கு ஆகாது.

அரசு மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஆராய்ச்சி மாணவர்களின் ஜேஆர்எஃப் தொகையை 2023இல் 37,000 ஆக்கினார்கள். எம்.இ. படிக்கிறவருக்கு இன்னும் அதே 12,400. அதையும் மாதக்கணக்கில் இழுத்தடித்தால் வசதியில்லாத வீட்டுப் பிள்ளை எதை நம்பிப் படிக்க வரும்?

நிலுவை மட்டும் 49,600 ரூபாய். அது வந்ததும் நேரே தறி ஓனரிடம் போக வேண்டும். அதுவரை காத்திருக்காமல் இந்த வாரமே பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போங்கள். போனில் சொல்லாதீர்கள். வந்த தொகை, செலவான தொகை, இனி வரப்போகிற தொகை, எல்லாவற்றையும் அப்பா அம்மா இரண்டு பேர் முன்னாலும் சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். நிலுவை வந்த மாதத்திலிருந்து 7,000 வேண்டாம், இரவு வேலையை விட்டுவிடுங்கள் என்று கேளுங்கள்.

தங்கச்சியைப் பற்றி மூன்றே வார்த்தை எழுதியிருக்கிறீர்கள். பி.இ.யில் முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை நீங்கள் வாங்கியிருப்பீர்கள். அது வீட்டுக்கு ஒருவருக்குத்தான், அவளுக்குக் கிடைக்காது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படிக்கிறாளா? அப்படியானால் பொறியியல் சேர 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்திருந்தாலும் அந்த ஆயிரம் கிடைக்கும். எந்தப் பள்ளி, என்ன குரூப் என்று அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.