விரலில் கறை இல்லாத படம்

வணக்கம் ஐயா,

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். சென்ற மாதம் குடும்பத்தோடு குன்னூர் பக்கம் ஒரு விடுதியில் தங்கியிருந்தோம். சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் பழைய லிப்டன் தேயிலை விளம்பரம் ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். சேலை கட்டிய ஒரு தமிழ்ப் பெண் தேநீர்க் கோப்பையை ஏந்தி நிற்கிற படம். பக்கத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களின் பழைய தபால் அட்டைகள். என் பாட்டி இலங்கையில், பதுளையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இங்கே வந்து கோத்தகிரியில் வேலை பார்த்தவர். படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கொழுந்து எடுக்கிறவ கையில கோப்பை எதுக்குடி? விரல்ல கறையைக் காணோமே" என்றார். அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

பழைய கேலிச்சித்திரம், விளம்பரம், துண்டுக் காகிதம் எல்லாமே வரலாற்று ஆவணம் என்று நீங்கள் எழுதி வருகிறீர்கள். பொய்யாக வரைந்த படம் எப்படி ஆவணமாகும்? அரசாங்கக் கோப்புகள் இருக்கும்போது இவை எதற்கு? அப்படிப்பட்ட படத்தைச் சுவரில் மாட்டுவது சரியா?

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்வியில் பாதிக்குப் பாட்டியே பதில் சொல்லிவிட்டார். படத்தில் என்ன இல்லை என்று பார்த்தார். அந்த வேலையைச் செய்த கைக்கு மட்டுமே அது சட்டென்று தெரியும். நான் இந்தப் படங்களை வருஷக்கணக்காகப் பார்த்து வருகிறேன். விரலைப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்தப் படம் பொய்தான். தோட்டத்து வாழ்க்கையை அறிய அதைத் திறந்தால் ஒன்றும் கிடைக்காது. ஆனால் தேயிலை வாங்கிய லண்டன் குடும்பம் எதை நம்ப விரும்பியது என்று கேட்டுப் பாருங்கள், எல்லாமே அதில் இருக்கிறது. அரசாங்கக் கோப்பை எழுதுகிறவருக்கு, இதை மேலதிகாரி படிப்பார், நாளைக்கு நாடாளுமன்றத்தில் கேள்வி வரும் என்று தெரியும். அதனால் வார்த்தையை அளந்து போடுவார். தேயிலைப் பொட்டலத்துக்குப் படம் வரைகிறவருக்கு அந்தக் கவலை கிடையாது. வாங்குகிறவர் மனசுக்குப் பிடித்தால் போதும். பொட்டலம் காலியானதும் குப்பைக்குப் போகிற காகிதம் என்பதால் அதை யாரும் சரிபார்க்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. ஒரு பேரரசு தன் வீட்டுக்குள் எப்படிப் பேசிக்கொண்டது என்பது அங்கேதான் அப்படியே தங்கியிருக்கிறது.

தாமஸ் லிப்டன் 1871இல் கிளாஸ்கோவில் மளிகைக் கடை திறந்தவர். 1890இல் இலங்கைக்கு வந்து ஊவா மலைகளில் தோட்டங்களை வாங்கினார். 1869இல் தலைகாட்டிய இலைநோய் இலங்கையின் காப்பித் தோட்டங்களை அழித்து முடித்திருந்த காலம் அது. 'தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கெண்டிக்கு' என்ற பொருளில் அவர் ஒரு விளம்பர வாசகம் வைத்தார். அது உலகம் முழுக்கப் போனது. அதில் 'நேரே' என்ற ஒரு சொல்லை மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் தரகர் இல்லை, அதனால் விலை மலிவு என்று வியாபாரத்தில் அதற்குப் பொருள். படத்தோடு சேர்த்துப் பார்த்தால், அந்தப் பெண்ணே செடியிலிருந்து பறித்து, கோப்பையில் ஊற்றி உங்களிடம் நீட்டுகிறாள் என்று ஆகிறது. தோட்டத்துக்கும் கெண்டிக்கும் நடுவே இருந்த கங்காணி என்ற ஆள்சேர்ப்பவர், முன்பணம், கப்பல், கடன் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் காணாமல் போய்விட்டன.

அப்படிக் காணாமல் போனவற்றில் ஒன்று, இன்னொரு காகிதமாக நமக்குக் கிடைத்திருக்கிறது. அதன் பெயர் துண்டு. நம் தமிழ்ச் சொல்தான். ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகளின் கடிதங்களிலும், இலங்கையின் சட்டத்திலும்கூட அதே பெயரில்தான் வருகிறது. உங்கள் பாட்டியின் அப்பாவோ தாத்தாவோ இதற்குக் கட்டுப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரிய கங்காணி தன் ஊரிலும் சுற்றுப்பட்டிலும் ஆள் சேர்ப்பார். திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்து மக்கள்தான் பெரும்பாலும். தோட்டத்துரையிடம், அதாவது தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரரிடம், முன்பணம் வாங்கி வந்து வழிச்செலவு, சோறு, துணி, ஊரில் தீர்க்க வேண்டிய பழைய கடன் என்று செலவழிப்பார். அதெல்லாம் ஆட்களின் கணக்கில் ஏறும். மலையேறி முதல் கொழுந்தைக் கிள்ளும் முன்பே அந்தக் குடும்பம் கடனாளி. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் சும்மா கிளம்பிவிட முடியாது. 'இந்தக் கங்காணியையும் இவரோடு இருக்கும் இத்தனை ஆட்களையும், இத்தனை ரூபாய் கட்டினால் விடுவிக்கிறேன்' என்று துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அதுதான் துண்டு. கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். எந்தத் துரை அந்தத் தொகையைக் கட்டுகிறாரோ, மொத்தக் கும்பலும் அவரிடம் போகும். கடனும் கூடவே போகும்.

ஆட்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது துரைமார்கள் ஒருவரை ஒருவர் மிஞ்சி அதிகத் தொகை கொடுத்துக் கும்பல்களை இழுத்தார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று துண்டின் தொகை ஏறியது. ஏறியது கங்காணி கைக்கு வந்த பணம், கடனாக நின்றது தொழிலாளியின் தலையில். அந்தச் சீட்டில் ஆட்களின் பெயர்கூடத் தேவைப்படவில்லை. எண்ணிக்கை போதுமானதாக இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பார்க்க அவர்களால் முடியாது. தங்கள் விலை என்ன என்று தெரியாமலே ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு நடந்து போயிருக்கிறார்கள். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இந்த முறையை ஒழிக்கச் சொல்லிப் போராடியவர்களில் முக்கியமானவர் இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் அருணாசலம். 1921இல் ஒரு சட்டத்தின் மூலம் துண்டு ஒழிந்தது. அதாவது லிப்டனின் 'நேரே' உலகச் சுவர்களில் ஏறிய பிறகும் துண்டு முப்பது வருஷம் உயிரோடு இருந்திருக்கிறது. இரண்டும் ஒரே மலையைப் பற்றிய காகிதங்கள். ஒன்று தேநீர் குடிப்பவர் பார்ப்பதற்கு, மற்றது கொழுந்து பறிப்பவரைக் கைமாற்றுவதற்கு. இரண்டையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிகிற விஷயம், தனியாக எதை வைத்தாலும் தெரியாது.

நீங்கள் பார்த்த தபால் அட்டைகளுக்கு வருகிறேன். கொழும்பில் பிளாட்டே போன்ற நிறுவனங்கள் அவற்றை ஏராளமாக அச்சடித்து விற்றன. கப்பலில் வந்து இறங்கிய வெள்ளைக்காரப் பயணிகள் வாங்கி ஊருக்கு அனுப்பினார்கள். படத்தின் கீழே ஆளின் பெயர் இருக்காது, 'தமிழ்க் கூலி' என்றுதான் இருக்கும். நம் பேச்சில் கூலி என்றால் வேலைக்குக் கொடுக்கிற காசு. அந்த அட்டையில் ஆளே கூலியாகிவிட்டார். இப்படிப்பட்ட அட்டை கிடைத்தால் முன்பக்கத்தோடு நிறுத்தாதீர்கள். பின்பக்கம் அனுப்பியவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். வானிலை, உடம்பு சௌகரியம், அடுத்த துறைமுகம் என்று இருக்கும். முன்பக்கத்தில் நிற்கிற பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இருந்தால் அபூர்வம்.

கேலிச்சித்திரங்கள் வேறு வகை. விளம்பரம் சிரிக்கும், கேலிச்சித்திரம் கோபப்படும். லண்டனில் 1841இல் தொடங்கிய 'பஞ்ச்' என்ற நகைச்சுவை இதழில் ஜான் டென்னியல் என்ற ஓவியர் வரைந்தார். 1857இல் மீரட், டெல்லியில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த செய்திகள் லண்டனை எட்டியிருந்த சமயம், ஆகஸ்ட் 22 தேதியிட்ட இதழில் அவருடைய பெரிய படம் ஒன்று வந்தது. ஒரு புலி. அதன் காலடியில் ஓர் ஆங்கிலேயத் தாயும் குழந்தையும். அந்தப் புலியின் மீது பிரிட்டிஷ் சிங்கம் பாய்கிறது. படத்தில் இந்தியர் என்று ஒரு மனிதர்கூட இல்லை, மிருகம்தான் இருக்கிறது. மிருகத்தோடு பேச்சுவார்த்தை நடத்த வேண்டியதில்லை, அதற்கு என்ன குறை என்று கேட்க வேண்டியதில்லை.

சரியாக மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 12 இதழில் 'நீதி' என்ற தலைப்பில் அவரே இன்னொரு படம் வரைந்தார். வாளை ஓங்கிய நீதிதேவதை சிப்பாய்களை மிதித்துக்கொண்டு வருகிறாள். ஓரத்தில், குழந்தைகளை அணைத்தபடி கதறும் இந்தியப் பெண்கள். முதல் படத்தில் தாயும் குழந்தையும் தரையில் கிடந்ததால் அதற்குப் பழிவாங்க வேண்டும் என்றது. இரண்டாவது படத்திலும் தாயும் குழந்தையும்தான் இருக்கிறார்கள், ஆனால் நடப்பதற்குப் பெயர் நீதி. இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நூலகத்தில் கட்டடம் செய்து வைத்திருந்த பழைய தொகுதி. சில பக்கங்களைத் தள்ளினால் அடுத்த படம். ஒரு சமூகத்தின் மனசு மூன்று வாரத்தில் எங்கே போய் நின்றது என்பதை எந்த ராணுவ அறிக்கையும் எனக்கு இவ்வளவு நேராகக் காட்டியதில்லை. அந்தப் பெண்களை ஓரத்தில் வரைய டென்னியலின் கைக்குத் தோன்றியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். படம் என்ன சொல்ல வந்ததோ அதை மீறியும் சில சமயம் உண்மை உள்ளே வந்து நின்றுவிடும். அதனால்தான் ஓரங்களைப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அதே டென்னியல் 1876 ஏப்ரலில் இன்னொரு படம் வரைந்தார். பிரதமர் டிஸ்ரேலி கீழைநாட்டு வியாபாரி வேடத்தில் வந்து, விக்டோரியா மகாராணியிடம் இந்தியப் பேரரசி என்ற புதுக் கிரீடத்தை நீட்டுகிறார். பட்டத்தை வைத்து அவர்களுக்குள் நடந்த சொந்த வேடிக்கை அது. 1877 ஜனவரி 1 அன்று டெல்லி தர்பாரில் அந்தப் பட்டம் அறிவிக்கப்பட்டபோது சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் நடந்துகொண்டிருந்தது. பசியில் ஊரை விட்டுக் கிளம்பியவர்களில் ஏராளமானோர் கங்காணிகளின் பின்னால் இலங்கைக்குத்தான் போனார்கள். ஆகவே அந்தக் கிரீடப் படத்தையும் உங்கள் குடும்பக் கதையிலிருந்து ரொம்பத் தள்ளி வைக்க வேண்டாம்.

இதெல்லாம் அவர்கள் நம்மை வரைந்தது. நம் பக்கத்திலிருந்தும் அதே ஆயுதத்தை எடுத்தார்கள். 1906இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் பாரதி கருத்துப்படங்களை வெளியிட்டார். தமிழ்ப் பத்திரிகையில் அது புதிய விஷயம். படத்தோடு விளக்கமும் எழுதிச் சேர்த்தார். படிக்கத் தெரியாதவருக்கும் படம் புரியும், பக்கத்தில் படிக்கத் தெரிந்த ஒருவர் விளக்கத்தை வாசித்துக் காட்டினால் போதும். அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 1908இல் இதழின் சட்டப்பூர்வ வெளியீட்டாளராக இருந்த சீனிவாசனுக்கு ராஜதுரோக வழக்கில் ஐந்து வருஷம் தண்டனை கிடைத்தது. பாரதி புதுச்சேரிக்குப் போனார், இதழும் அங்கே போனது, 1910இல் நின்றது. இலங்கையின் மலையகத்தில், தோட்டத் தொழிலாளருக்காகச் சங்கம் கட்டிய கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சியம்மாளும் இதே வழியில் மலிவான அச்சை நம்பினார்கள். மீனாட்சியம்மாள் தொழிலாளரின் துயரத்தைப் பாட்டாக எழுதி, சின்னப் பிரசுரமாக அச்சடித்து, கூட்டங்களில் தானே பாடினார். துண்டை வாசிக்க முடியாத மக்கள் அந்தப் பாட்டை மனப்பாடம் செய்தார்கள். இந்தக் காகிதங்களில் என் மனசுக்கு மிக நெருக்கமானவை இவைதான்.

சுவரில் மாட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். தனியாக மாட்டக் கூடாது என்பது என் கருத்து. அந்த விடுதிக்காரர் கெட்ட எண்ணத்தில் மாட்டியிருக்க மாட்டார், அழகாக இருக்கிறது என்று மாட்டியிருப்பார். ஆனால் தேநீர் குடிக்கிற இடத்தில், தேநீர் குடிக்கிறவர்களின் கண்ணெதிரே, படம் எதற்காக வரையப்பட்டதோ அதே வேலையை இன்றைக்கும் செய்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு துண்டின் நகலை மாட்டி, கீழே நாலு வரி தமிழில் எழுதி வைத்தால் அதே படம் வேறு மாதிரிப் பேசும். முடிந்தால் அவருக்கு ஒரு கடிதம் போடுங்கள். நான் எழுதித் தருகிறேன் அந்த நாலு வரியை.

அதைவிட அவசரமான வேலை ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பாட்டியிடம் தாயகம் திரும்பியபோது கொடுத்த குடும்ப அட்டை, கடவுச்சீட்டு, ரயில் சீட்டு, சம்பளச் சீட்டு, பழைய கடிதம் ஏதாவது இருந்தால் எறிந்துவிடாமல் எடுத்து வையுங்கள். லாமினேட் செய்யாதீர்கள், காகிதம் கெட்டுப்போகும். படம் எடுத்து, இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்க்கும் 'நூலகம்' என்ற இணைய நூலகத்துக்கோ சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ எழுதிக் கேளுங்கள், இது போன்ற சில்லறைக் காகிதங்களின் அருமை தெரிந்தவர்கள் அவர்கள். அப்புறம், சுவரில் பார்த்த அந்தப் படத்தின் நகல் ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் பாட்டி சொன்ன இரண்டு வாக்கியங்களையும் அவர் சொன்னபடியே, தேதி போட்டு, அவர் பெயர் போட்டு எழுதி வையுங்கள். கறை எத்தனை நாள் போகாமல் இருக்கும், வீட்டுக்கு வந்ததும் எதைத் தேய்த்துக் கழுவுவார்கள், பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். கேட்டு எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.